விழும்போது அவர் முகம் என்ன நிறம்

என் வீட்டுக்காரர் முதல் தடவை விழுந்தது தறிக்கொட்டகையில். பேண்டேஜ் துணி நெய்கிற கொட்டகை அது. எங்கள் ராஜபாளையத்துப் பக்கம் அந்தத் தொழில் நிறைய உண்டு. ஓடுகிற தறிக்கும் அவர் தலைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லையாம். கூட வேலை பார்த்தவர்கள் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

“ஒண்ணுமில்லட்டி, வெக்கையில தலை சுத்திருச்சு. இவனுக என்னமோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆட்டோ வச்சிட்டானுக.”

நானும் மோர் கரைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு வெற்றிலை கேட்டார். அதோடு போயிற்று என்றுதான் இருந்தேன்.

இரண்டாவது தடவை என் கண்முன்னால் விழுந்தார். காலையில் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தார். சீப்பு பாதித் தலையில் நின்றது. “ஏட்டி” என்று ஒரு சொல்தான் வந்தது. திரும்பிப் பார்த்தேன். முகத்தில் இருந்த உயிரெல்லாம் யாரோ துடைத்து எடுத்ததுபோல இருந்தது. கறுத்த முகம் அடுப்புச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது, உதடு உட்பட. கொடியில் இருந்து ஈரத்துணி நழுவி விழுமே, அப்படிச் சத்தமில்லாமல் விழுந்தார். விழுந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது.

நான் கத்தினேன். இத்தனை வருஷத்தில் என் குரலை அந்தத் தெரு கேட்டது அன்றைக்குத்தான்.

எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள் முதலில் ஓடிவந்தாள். “அய்யோ தேவுடா, வலிப்பு! இரும்பு, இரும்பு கொண்டா!” என்றாள். அவ்வளவுதான். வண்டிச் சாவி, பூட்டுச் சாவி, அரிவாள்மணை, தேங்காய் உரிக்கிற கம்பி என்று தெருவில் இருந்த இரும்பெல்லாம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. ஒவ்வொருவரும் ஒன்றை அவர் கையில் திணித்தார்கள். படுக்கப் போட்டால் நாக்கு உள்ளே போய்விடும் என்று இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தார்கள். தலை தொங்கியது. மறுபடியும் இழுத்தது. எல்லாருமாக அவரைப் பிடித்துக்கொண்டு, விடாமல் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். பிறகு கை சலித்து ஒருத்தர் விட்டதும் பக்கவாட்டில் சரிந்தார். சரிந்ததும் முகத்தில் ரத்தம் குப்பென்று ஏறியது. கண்ணைத் திறந்தார்.

“என்ன கூட்டம்? யாரு செத்தது?” என்று கேட்டார்.

சாயங்காலம் வரைக்கும் ஒவ்வொருவராக வந்து, “மைனி, ஏன் டிவிஎஸ் சாவி இங்க கிடக்கா பாருங்க,” “அக்கா, பீரோ சாவி” என்று தேடிக்கொண்டு போனார்கள். அவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, “எம்புட்டுச் சாவி! ஊர்ப் பணத்தை அள்ளணும்னா நான் ரெண்டு தடவை விழுந்தாப் போதும்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சாம்பல் நிறம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அதற்குமேல் கொட்டகைக்காரர் சும்மா இருப்பாரா. “அண்ணாச்சி, தறிப் பக்கம் நீங்க நிக்க வேண்டாம். வீட்டில இருந்து உடம்பைப் பாருங்க. சரியானதும் வாங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அறுபது தாண்டியும் ஒருநாள் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை இவர். அன்று வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் ராத்திரிச் சாப்பாட்டையும் தொடவில்லை.

என் வீட்டுக்காரருடைய அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். கணவனின் அண்ணனை நாங்கள் மூத்தார் என்போம். மூத்தார் முன்னால் நாங்கள் உட்காருவதில்லை, முகத்தைப் பார்த்துப் பேசுவதும் இல்லை. ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் கதவையோ தூணையோ பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவோம். கூச்சம் எனக்கு இயற்கையிலேயே கூடுதல். அதனால் எனக்கு அந்த வழக்கம் ஒரு போர்வை மாதிரி வசதியாக இருந்தது. நல்ல மனுஷர் அவர். தம்பி விழுந்தான் என்று கேள்விப்பட்டு அடுத்த பஸ்ஸில் வந்து நின்றார். அவர்தான் ராஜபாளையத்தில் ஒரு தனியார் டாக்டரிடம் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் கேட்டார்: “என்ன ஆச்சு? எப்படி விழுந்தார்?”

மூத்தார் அட்டென்ஷனில் நின்றார். “ஃபிட்ஸ், டாக்டர். நம்ம கேம்புல ஒருத்தனுக்கு வரும், நானே பிடிச்சிருக்கேன். ரெண்டு கண்ணும் மேல சொருகும். வாயில நுரை தள்ளும். நாக்கைக் கடிச்சு ரத்தம். அதே கேஸ்.”

நான் மூத்தாரின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். நுரை வரவில்லை. நாக்கு கடிபடவில்லை. “அவியளுக்கு நுரை வரலைங்க” என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் எனக்கு நினைப்பு. என் குரல் மூத்தாரின் சட்டையைத் தாண்டவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்டார், அவருக்கு ஒரு பதில் கிடைத்தது, அதற்கு மருந்து எழுதினார். நெஞ்சில் ஒட்டி எடுக்கிற இசிஜியும் எடுக்கச் சொன்னார். அதில் கோளாறு இல்லை.

தலையை ஸ்கேன் எடுத்தோம். தலையில் வயர்களை ஒட்டி மூளை ஓட்டம் பார்த்தார்கள். எல்லாம் பார்த்துவிட்டு, “தலையில ஒண்ணும் இல்லை” என்றார்கள். மூத்தார் வெளியில் வந்து, “ஏலே, உன் தலையில ஒண்ணும் இல்லைன்னு நம்ம அய்யா நீ அஞ்சாப்பு படிக்கையிலேயே சொல்லிட்டாரு. இதுக்குப் போயி மிஷினுக்குள்ள வேற படுத்திருக்கியே” என்றார். அண்ணனும் தம்பியும் சிரித்தார்கள். அன்றைக்கு மூத்தார் எங்களுக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்து அனுப்பினார். தலையில் கட்டி கிட்டி இல்லை என்ற சந்தோஷம் அவருக்கு.

நானோ பால்கோவாப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. ஒன்றும் இல்லை என்றால் எதற்கு விழுகிறார்?

மாத்திரை சாப்பிட ஆரம்பித்தபிறகு விழுவது கூடியது. முன்னெல்லாம் எப்போதாவது. இப்போது பல் தேய்க்கும்போது, பால் வாங்கப் போகும்போது, கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் வாசிக்கும்போது. போய்ச் சொன்னால் மாத்திரையைக் கூட்டினார்கள். கூட்டினால் பகலெல்லாம் தூங்கினார். நாக்கு குழறியது. நடந்தால் கால் பின்னியது. தூங்காத நேரத்தில் விழுந்தார். இரண்டாவதாக இன்னொரு மாத்திரை சேர்த்தார்கள். நெற்றியில் ஒரு வெட்டு, முழங்கையில் ஒரு வெட்டு, முன்பல் ஒன்று போயிற்று. ஒவ்வொரு தடவையும் தெரு ஓடிவரும், இரும்பு வரும், தூக்கி உட்கார வைப்பார்கள், ஒவ்வொரு தடவையும் நான் வாசல் பக்கம் ஒதுங்கி நின்று சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுவேன்.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வாயு என்றார்கள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள். வத்திராயிருப்புப் பக்கம் மலையடியில் ஒரு பூசாரி எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தியம் பார்க்கிறார் என்று கேட்டு அங்கேயும் போனோம். அவர் பழத்தை அறுத்து முடிக்கும் முன்னாலேயே இவர் அவர் காலடியில் விழுந்துவிட்டார். பூசாரி பயந்துபோய், “இது நம்ம வேலையில்லை தாயி, ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போ” என்றார். ஆண்டாள் சன்னதியில் நின்று நான் என்ன கேட்டேன் என்று எனக்கே தெரியாது. வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. எனக்கு முன்னால் இவரைக் கொண்டுபோய்விடாதே என்று கேட்டேனா, இப்படி அணு அணுவாக வேண்டாம் என்று கேட்டேனா. இரண்டையும் கேட்டிருப்பேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், சின்ன ஆஸ்பத்திரிதான், பொறுமையாகப் பார்ப்பார் என்று யாரோ சொல்லி மூத்தார் எங்களை அங்கே அழைத்துப் போனார். வழக்கம்போல அவர்தான் பேசினார். கண் சொருகும், நுரை தள்ளும்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “சார், நீங்க பக்கத்துல இருந்து பார்த்தீங்களா?”

“பார்க்கணுமா டாக்டர்? ஃபிட்ஸ்னா ஃபிட்ஸ்தானே. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்.”

“ஒரே மாதிரி இல்லை சார். கூட இருந்து பார்த்தது யாரு?”

மூத்தார் திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரரும் பார்த்தார். நான் திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்றேன்.

“அம்மா, நீங்களா? வாங்க, இப்படி உட்காருங்க. இவர் விழும்போது முகம் என்ன நிறத்துல இருந்துச்சு?”

மூத்தார் நிற்கிறார், நான் எப்படி உட்காருவேன்? நின்றேன். அந்தக் கேள்வியைத்தான் யாராவது கேட்கமாட்டார்களா என்று இத்தனை நாளாக ஏங்கியிருந்தேன். கேட்டுவிட்டார்கள். சாம்பல் என்று சொல்ல வாயெடுத்தேன், காற்றுதான் வந்தது.

“செவந்து போச்சா? நீலம் பாரிச்சுச்சா? வெளுத்துச்சா?”

எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டேன். மூத்தார், “அவ பேச மாட்டா டாக்டர். நம்ம வீட்டுப் பொம்பளைக அப்படித்தான்” என்றார், ஏதோ என்னைக் காப்பாற்றுவதுபோல.

டாக்டரம்மா கோபப்படவில்லை. மறுபடியும் இசிஜி எடுத்தார், அது சரியாகவே இருந்தது. “சும்மா இருக்கும்போது எடுத்தா இப்படித்தான் வரும். விழும்போது என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியணும்” என்றார். பிறகு என் கையில் இருந்த போனைக் காட்டினார். “அம்மா, நீங்க சொல்ல வேண்டாம். அடுத்த தடவை வரும்போது இதுல வீடியோ எடுங்க. முகம் தெரியணும். அவரைத் தட்டையாப் படுக்க வைங்க. தூக்கி உட்கார வைக்காதீங்க, யாரையும் வைக்கவும் விடாதீங்க. எடுத்துட்டு உடனே எங்கிட்ட வாங்க.”

அந்தப் போனில் பச்சையை அமுக்கிப் பேசுவதும் சிவப்பை அமுக்கி வைப்பதும்தான் எனக்குத் தெரியும். திருப்பூரில் இருக்கிற மகள் அதில் முகம் காட்டிப் பேசும்போது சொல்லிக் கொடுத்தாள். “அம்மா, செவப்பு உருண்டையை ஒரு தடவை அமுக்கு. மேல நம்பர் ஓடுதான்னு பாரு. ஓடினாத்தான் எடுக்குது. அய்யோ, என்னையப் பார்க்காதம்மா, உருண்டையைப் பாரு!” பழகுவதற்குக் கொதிக்கிற பாலை எடுத்தேன். கொடியில் காய்கிற துணியை எடுத்தேன். பாதி நேரம் என் கட்டைவிரல்தான் விழுந்தது.

அதன்பிறகு போன நாட்களை எப்படிச் சொல்வது. வரக்கூடாது, வரக்கூடாது என்று கும்பிட்டுக்கொண்டிருந்த நான், வரட்டும் என்று காத்திருந்தேன். கட்டின மனுஷன் விழுவதற்குக் காத்திருக்கிற பெண்பிள்ளை எங்கே இருப்பாள்? அவர் எங்கே போனாலும் போனை நீட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

“ஏட்டி, என்ன சினிமா எடுக்கியா? சொல்லீட்டு எடு. நல்ல சட்டையப் போட்டுக்கிட்டு விழுறேன்.”

“வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?”

“கதாநாயகி யாரு? எதிர்த்த வீட்டு அம்மாவா?”

அப்படிப் பேசுகிற அன்றைக்கு விழமாட்டார். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனால் அங்கே விழுவார். ஒரு தடவை குளியலறைக்குள் விழுந்தார். உள்ளே தாழ்ப்பாள். வெளியில் போனும் கையுமாக நான். கதவைத் தோளால் இடித்து இடித்து, தாழ்ப்பாள் பெயர்ந்து உள்ளே போனபோது அவர் வாளித் தண்ணீருக்குள் முகம் குப்புறக் கிடந்தார். இன்னும் செத்த நேரம் போயிருந்தால் அந்த வாளித் தண்ணீரிலேயே முடிந்திருக்கும். அவரைப் புரட்டிப் போட்டுவிட்டு ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தேன். இனி என்னால் முடியாது என்று அன்றைக்குத்தான் தோன்றியது. நினைவு திரும்பி என் முகத்தைப் பார்த்தவர், “இனித் தாழ்ப்பாள் போட மாட்டேன்ட்டி” என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மூத்தாரின் பேத்திக்குக் காது குத்து வந்தது. ஒரு சின்ன மண்டபம் பிடித்திருந்தார்கள். போக வேண்டாம் என்றேன். “அண்ணன் வீட்டு விசேசத்துக்குப் போகாம? செத்தாலும் அங்க போயிச் சாவுறேன்” என்றார். போனோம். சொந்தபந்தம் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். காது குத்தி முடிந்து முதல் பந்தி. அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார், நான் தூண் ஓரம் நின்றேன். பாயசம் ஊற்றுகிற ஆளிடம், “ஏலே, கையைச் சுருக்காத, அண்ணன் வீட்டுச் சொத்து” என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அந்தச் சொல்லிலேயே நின்றார்.

முகத்தைப் பார்த்தேன். சாம்பல்.

என் கை தானாகப் போனை எடுத்தது. உருண்டையை அமுக்கினேன். நம்பர் ஓடியது. அவர் பெஞ்சில் இருந்து பின்பக்கமாகச் சரிந்தார், பாயச வாளி உருண்டது. கூட்டம் எழுந்தது. “இரும்பு, இரும்பு” என்று சத்தம். இரண்டு மாப்பிள்ளைமார் அவரை அக்குளில் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தலை நெஞ்சில் தொங்கியது. கையும் காலும் வெட்டியது. நான் ஆட்களுக்கு நடுவில் புகுந்து முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்தேன்.

மூத்தாரின் மனைவி, என் ஓரகத்தி, தலையில் அடித்துக்கொண்டாள். “அடிப்பாவி! புருசன் உசுருக்குப் போராடுதாரு, நீ படம் பிடிச்சிக்கிட்டு நிக்கியே! நீயெல்லாம் பொம்பளையா?”

“போனைப் பிடுங்குங்கப்பா அவகிட்ட இருந்து!” என்றது ஒரு குரல்.

“படுக்க வைங்க” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. நாற்காலியில் அவரை நிமிர்த்திப் பிடித்திருந்தார்கள். பிடித்திருந்தவர்களில் மூத்தாரும் ஒருவர். வெட்டு நின்றது. அவரிடம் அசைவே இல்லை. எந்தத் தடவையும் இவ்வளவு நேரம் ஆனதில்லை. உதடு நீலமாகிக்கொண்டே வந்தது.

“விடுங்க அவியள!”

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. மண்டபமே திரும்பியது. நான் மூத்தாரின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். “விடுங்கன்னு சொல்லுதேன்ல! கீழ படுக்க வைங்க! உட்கார வச்சு உட்கார வச்சே கொன்னுருவீங்க!”

மூத்தார் கையை எடுத்தார். அவர் எடுத்ததும் மற்றவர்களும் எடுத்தார்கள். பாயசம் சிந்திய தரையில் படுக்க வைத்தோம். நான் ஒரு கையால் அவர் காலைத் தூக்கிப் பிடித்தேன், மறுகையில் போன். கொஞ்ச நேரத்தில் கன்னத்தில் ரத்தம் ஏறியது. சிவந்து போயிற்று முகம். கண்ணைத் திறந்து நாலா பக்கமும் பார்த்தார்.

“பாயசம் யாரு கொட்டினது?” என்று கேட்டார்.

அன்றைக்கு மூத்தார் வீட்டில் யாரும் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. விசேஷ வீட்டில் கொல்லுவது சாவது என்று வாய்விட்டேன், மூத்தாரைப் பார்த்துக் கத்தினேன். ஓரகத்தி வாசலில் நின்று, “ஊமைன்னு நெனச்சோம், வீட்டை ரெண்டாக்கிட்டுப் போறா” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஆட்டோ ஏற்றி நானே டாக்டரம்மாவிடம் போனேன். எனக்காகப் பேசுவதற்கு யாரும் உடன் வரவில்லை.

வீடியோவில் பாதி நேரம் தரைதான். யாருடையதோ கால், யாருடையதோ பட்டுச்சேலை, ஓரகத்தியின் திட்டு. நடுவில் அவர் முகம் வந்தது. டாக்டரம்மா அதை நிறுத்தினார், பின்னால் ஓட்டினார், மறுபடியும் பார்த்தார். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேசினேன்.

“மொதல்ல சாம்பல் மாதிரி ஆயிரும்மா. பொறவுதான் விழுவாரு. விழுந்த பொறவுதான் இழுக்கும். நுரை வராது. நாக்கைக் கடிக்க மாட்டாரு. முழிக்கையில முகம் செவந்துரும். முழிச்ச ஒடனே ஆளைத் தெரியும், பேசுவாரு. எல்லாத் தடவையும் இப்படித்தாம்மா.”

“இது தலையில இருந்து வர்றது இல்லம்மா” என்றார் டாக்டரம்மா. “எனக்கு நெஞ்சு மேலதான் சந்தேகம். துடிப்பு திடீர்னு நின்னு நின்னு வருதுன்னு நினைக்கிறேன். நின்னா மூளைக்கு ரத்தம் போகாது, அதுலதான் இழுக்குது. கையோட இங்கேயே பெட்டுல சேர்த்திருங்க. மிஷின்ல மாட்டிப் பார்க்கணும்.” சாப்பிடுகிற மாத்திரைகளை வாங்கிப் பார்த்தார். அதில் ஒன்று துடிப்பை இன்னும் மந்தமாக்கக்கூடியது என்று அதை நிறுத்தினார்.

நெஞ்சா? நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. வலிக்கிறது என்று ஒருநாள் அவர் நெஞ்சைத் தொட்டது கிடையாது.

வார்டில் கட்டிலுக்குமேல் ஒரு பெட்டி. அதில் பச்சைக்கோடு குதித்துக் குதித்து ஓடியது, கூடவே கீக் கீக் என்று ஒரு சத்தம். மறுநாள் காலை மூத்தார் தூக்குவாளியில் இட்லி கொண்டுவந்தார். என்னைப் பார்க்கவில்லை, நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். “உன் வீட்டுக்காரி என்னைய சபையில வச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா” என்று தம்பியிடம் குறைபட்டார். “என்னையத் தெனமும் வாங்குதா, ஒனக்கு ஒரு நாளு கெடைச்சிருக்கு” என்றார் இவர். மூத்தாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கீக் கீக் நின்றது.

நான் திரும்புவதற்குள் இவர் தலையணையில் சாய்ந்துவிட்டார். பெட்டியில் பச்சைக்கோடு நேராகப் போனது, அறுந்த நூலை நீட்டிப் போட்டதுபோல. மூத்தார் பழக்கத்தில் இரண்டு கையையும் தம்பியின் அக்குளுக்குக் கொண்டுபோனார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். தலையணையை உருவி எறிந்தேன். டாக்டரம்மா ஓடிவந்து கட்டிலில் ஏறி முட்டிபோட்டு நெஞ்சை அமுக்கினார். அமுக்க அமுக்கக் கட்டில் கிறீச்சிட்டது. மூத்தார் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார். கண் அந்தக் கோட்டைவிட்டு நகரவில்லை.

“நின்னுருச்சு. நெஞ்சே நின்னுருச்சு. நான் ஃபிட்ஸ்னு சொன்னேனே” என்று தனக்குத்தானே சொன்னார். “ஃபிட்ஸ்னு சொன்னேனே.”

கோடு ஒரு தடவை குதித்தது. பிறகு இன்னொரு தடவை.

அங்கிருந்து ஆம்புலன்ஸில் மதுரைக்கு. அந்த வழியெல்லாம் நான் ரோட்டைப் பார்க்கவில்லை. மதுரையில் தோள்பட்டைக்குக் கீழே தோலுக்குள் தீப்பெட்டி மாதிரி ஒரு சின்னப் பெட்டியை வைத்துத் தைத்தார்கள். பேஸ்மேக்கர் என்றார்கள். துடிப்பு நின்றால் அது தட்டி எழுப்புமாம். இனி விழமாட்டார் என்றார்கள். ஃபிட்ஸ் மாத்திரையெல்லாம் படிப்படியாக நிறுத்தச் சொன்னார்கள். நாங்கள் ஊர் திரும்பும்வரை மூத்தார் எங்களோடுதான் இருந்தார்.

விழவில்லைதான். தோல் ஆறியது, நடக்கிறார், நாக்கு தெளிந்துவிட்டது, பழைய கேலியும் திரும்பிவிட்டது. எனக்குத்தான் ஒன்றும் திரும்பவில்லை. அவர் பேச்சை ஒரு நொடி நிறுத்தினால் என் கையில் இருப்பது கீழே விழுகிறது. எச்சில் முழுங்கத்தான் நிறுத்தியிருப்பார். எத்தனையோ பேர் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொன்ன உடம்புதானே அது. இப்போது சரியாகிவிட்டது என்கிறார்கள். எப்படி நம்புவது?

போன வாரம் சேத்தூரில் ஒரு துக்கம் விசாரிக்கத் தனியாகப் போகிறேன் என்றார். நானும் வருகிறேன் என்றேன். “எத்தனை நாளைக்குட்டி என் பின்னாலேயே வருவ? டாக்டரே போகச் சொல்லியாச்சு” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பேருந்து நிலையம் வரைக்கும் பின்னாலேயே போனேன். பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். கண்டக்டர் கீழே நின்று, “சேத்தூர், சேத்தூர்” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத ஆள். போய் அவர் சட்டைக்கையைத் தொட்டேன்.

“தம்பி, அந்த மூணாவது சீட்டுல நீலச்சட்டை போட்டு இருக்காகள்ல. அவிய ஒருவேளை விழுந்துட்டா உட்கார வைக்காதீக. கீழ படுக்க வைங்க. காலைத் தூக்கிப் பிடிங்க. இரும்பெல்லாம் கொடுக்க வேண்டாம்.”

“என்னம்மா? யாரு விழுந்தது?”

“விழல. விழுந்தா.”

ஜன்னலில் இருந்து இவர், “ஏட்டி, மானத்தை வாங்காத, போ வீட்டுக்கு!” என்றார். உள்ளே இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். இஞ்சின் இரைச்சலில் நான் இன்னொரு தடவையும் சொன்னேன், படுக்க வைங்க தம்பி என்று. கண்டக்டர் விசில் அடித்துப் படியில் தொற்றிக்கொண்டு தலையை ஆட்டினார். என் பேச்சுக்குத்தான் ஆட்டினாரா, ஓடிவந்த வேறு யாரையோ ஏறச் சொல்லி ஆட்டினாரா என்று தெரியவில்லை. பஸ் திரும்பிப் போய்விட்டது.